இயற்கை வளப் படிப்புன்னா உண்மையில என்ன? கோழிக்கூட்டுலேருந்து புலிக்காடு வரைக்கும்

ஃபாரஸ்ட்ரி படிக்கப் போறேன், வைல்ட்லைஃப் படிக்கப் போறேன்னு வீட்டுல ஒரு பையனோ பொண்ணோ சொன்னா, மரம் நடுறதுக்கு எதுக்குப்பா நாலு வருஷம்னு ஒருத்தர் கேப்பாரு, பொம்பளப் புள்ளைய காட்டுக்கெல்லாம் எப்படி அனுப்புறதுன்னு இன்னொருத்தர், சூப்பரா போட்டோ எடுக்கலாம்லன்னு மாமா பையன். படிக்கப் போற புள்ளைக்கே பல நேரம் இதுக்கு மேல தெரியாது. யானை பிடிக்கும், காடு பிடிக்கும், அவ்ளோதான். பிடிச்சிருக்கணும், அது இல்லாம இந்தப் பக்கம் தாக்குப்பிடிக்கவே முடியாது, ஆனா பிடிச்சிருக்கிறதோட படிப்பு முடிஞ்சிடாதுங்க, அங்கேருந்து தான் ஆரம்பிக்குது.

கன்சர்வேஷன்னு வாய்க்கு வாய் எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தருக்கு அது மரக்கன்னு நடுறது, இன்னொருத்தருக்கு பிளாஸ்டிக் பொறுக்குறது, இன்னொருத்தருக்கு காட்டைச் சுத்தி வேலி போட்டு யாரையும் உள்ள விடாம இருக்கிறது. யுனிவர்சிட்டியில இதை ஒரு படிப்பா வச்சு சொல்லிக்கொடுக்கும்போது நடுவுல நிக்கிற கேள்வி வேற. தன்னால வளர்ற ஒரு வளத்துலேருந்து, அது அழியாம, எவ்ளோ எடுக்கலாம்? மரம், மீன், கிணத்துத் தண்ணி, மேய்ச்சல் புல், தேன், எதுவா இருந்தாலும் இதே கேள்வி தான். வனவியல், மீன்வளம், நீர்வளம், வனவிலங்கு உயிரியல்னு டிகிரி பேரு மாறும், கேள்வி மாறாது. எதுவுமே எடுக்கக் கூடாதுங்கிறதும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தான், சில இடத்துக்கு அது தான் சரியான பதில், ஆனா அது எந்த இடம்னு சொல்றதுக்கும் கணக்கு தெரியணும்.

## கோழிக்கூட்டுலேருந்து ஆரம்பிப்போம்

வீட்டுக்குப் பின்னாடி வேலி போட்ட ஒரு இடம், அதுல நாட்டுக்கோழி வளக்குறீங்க. அந்த இடமும் தீவனமும் சேந்து 100 கோழிக்கு மேல தாங்காதுன்னு வச்சுக்குவோம். இப்ப உள்ள இருக்கிற கோழிங்க எத்தனையோ அது தான் இருப்பு. வருஷத்துக்கு, செத்தது போக புதுசா சேர்றது எத்தனையோ அது வளர்ச்சி. இடம் அதிகபட்சமா தாங்குற அந்த 100 இருக்கே, அதுக்குப் பேரு தாங்குதிறன், கிளாஸ்ல கேரியிங் கெப்பாசிட்டின்னு சொல்லுவாங்க.

வெறும் 10 கோழி தான் இருக்குன்னா தீவனம் தாராளம், பொரிக்கிற குஞ்செல்லாம் பிழைச்சிக்கும், ஆனா முட்டை போடவே 10 உருப்படி தானே இருக்கு, அதனால வருஷத்துக்கு ஒரு 9 கூடும். 50 இருந்தா போடுறதுக்கும் நிறைய கோழி இருக்கு, இடமும் இன்னும் பாதி காலியா இருக்கு, வருஷத்துக்கு 25 கூடும். 90 ஆயிடுச்சுன்னா நெருக்கடி, தீவனச் சண்டை, சீக்கு, பொரிச்சதுல பாதி தங்காது, திரும்பவும் 9 தான் கூடும். 100 இருந்தா கூடுறதும் சாகுறதும் சமம், வளர்ச்சி சைபர்.

இதைக் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. இருப்பு அதிகமா இருந்தா வளர்ச்சியும் அதிகமா இருக்கும்னு தான் எல்லாருக்கும் தோணும், ஆனா கூடு பாதி நிறைஞ்சிருக்கும்போது தான் அதிகமா வளருது. வருஷா வருஷம் 25 எடுத்தாலும் 50 அப்படியே நிக்கும். அந்த 25-க்குத் தான் நிலைத்த உச்ச மகசூல்னு பேரு, இருப்பு குறையாம வருஷா வருஷம் எடுக்கக்கூடிய அதிகபட்ச அளவு. மீன்வளம், வனவியல் ரெண்டுக்கும் ரொம்ப காலமா இது தான் அடிப்படைக் கணக்கு.

ஆபத்தும் இதே கணக்குக்குள்ள தான் ஒளிஞ்சிருக்கு. உண்மையில 40 கோழி தான் இருக்கு, நீங்க 50-ன்னு நினைச்சு வருஷத்துக்கு 25 எடுக்குறீங்க. 40-க்கு வளர்ச்சி 24. ஆக ஒரே ஒரு கோழி குறையுது, யாருக்கு அது கண்ணுல படும்? மூணு வருஷம் கழிச்சுக்கூட 36 இருக்கும், எல்லாம் நல்லா போகுதுன்னு தான் தோணும். ஆனா இருப்பு குறையக் குறைய வளர்ச்சியும் சேந்து குறையுது, எடுக்கிறது மட்டும் 25-லயே நிக்குது, அஞ்சாவது வருஷம் 32, ஏழாவது வருஷம் 24, எட்டாவது வருஷம் 18, ஒன்பதாவது வருஷம் 7, பத்தாவது வருஷம் கூடு காலி. பாதி வழி வரைக்கும் எந்த அறிகுறியும் பெருசா காட்டாம வந்து, கடைசி மூணு வருஷத்துல மொத்தமா விழுந்துருது. இந்த வளைவை மனசுல வச்சுக்கோங்க, கடல்ல இது அப்படியே நடந்திருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

சுருக்கமா: இருப்பு, வளர்ச்சி, தாங்குதிறன், இந்த மூணும் தெரிஞ்சா எவ்ளோ எடுக்கலாம்னு சொல்லலாம். இருப்பைக் கொஞ்சம் தப்பா எண்ணுனாக்கூட பத்து வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது.

## இதே கணக்கு காட்டுலயும் கடல்லயும்

இந்த யோசனை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. ஜெர்மனியில சாக்சனி பகுதியில வெள்ளிச் சுரங்கத்துக்கு, தாது உருக்க, மரம் மரமா வெட்டிக்கிட்டே இருந்தாங்க. அந்த சுரங்க நிர்வாகத்துல இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-ல ஒரு புத்தகம் எழுதி, வளர்ற அளவுக்குத் தான் வெட்டணும்னு சொன்னாரு. காட்டைக் காப்பாத்தணும்ங்கிற பாசத்தை விட, மரம் தீந்து போனா சுரங்கம் நின்னுடும்ங்கிற பயம் தான் அதுக்குப் பின்னாடி இருந்துச்சு.

அந்த ஜெர்மன் வனவியல் தான் நம்ம ஊருக்கும் வந்துச்சு. டீட்ரிக் பிராண்டிஸ்ங்கிற ஜெர்மன்காரரை பிரிட்டிஷ்காரங்க பர்மா தேக்குக் காட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, 1864-ல இந்தியாவோட முதல் வனத்துறைத் தலைவர் ஆனாரு, 1878-ல டேராடூன்ல வனப் பள்ளி ஆரம்பிச்சதும் அவர் காலத்துல தான். பர்மாவுல அவர் தேக்கை எப்படி எண்ணுனாருன்னு ஒரு விஷயம் சொல்லுவாங்க. யானை மேல உக்காந்துக்கிட்டு, மழையில காகிதம் நிக்காதுங்கிறதால கையில குச்சிகளை வச்சிக்கிட்டு, பருமன் வாரியா ஒவ்வொரு குச்சி, ஒரு மரத்தைப் பாத்தா கத்தியால அந்தக் குச்சியில ஒரு வெட்டு. சாயங்காலம் குச்சியை எண்ணுனா சின்ன மரம் எத்தனை, பெரிய மரம் எத்தனைன்னு தெரிஞ்சிடும். சின்ன மரம் எத்தனை வருஷத்துல பெருசாகும்னு தெரிஞ்சா வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம்னும் சொல்லிடலாம். இன்னைக்கு ஃபாரஸ்ட்ரி காலேஜ்ல அளவியல்னு ஒரு பாடமே இருக்கு, அதோட பாட்டன் இந்தக் குச்சி தான்.

ஒண்ணு மறைக்காம சொல்லணும், அந்தக் காலத்துல இந்தக் கணக்கு கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக் கட்டைக்கும் தான் போட்டாங்க, காட்டுல வாழ்ந்த மக்களுக்காகப் போடல. அவங்க காலகாலமா எடுத்துக்கிட்டிருந்த விறகும் மேய்ச்சலும் ஒரே சட்டத்துல குத்தமா மாறிடுச்சு. அந்தக் காயம் இன்னும் ஆறல.

கடலுக்கு வந்தா, நம்ம கிழக்குக் கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் விலை ஏறிடுச்சேன்னு நாம புலம்புற அந்த ரெண்டு மாசம், மீன் முட்டை போட்டு இருப்பைக் கூட்டிக்கிறதுக்காக விட்ட நேரம். வலைக்கண்ணு இவ்ளோ அகலம் இருக்கணும்னு விதி வைக்கிறதும் குஞ்சு தப்பிச்சு வளரட்டும்னு தான்.

தண்ணியும் அப்படித்தான். வருஷத்துக்கு மழையால எவ்ளோ தண்ணி பூமிக்குள்ள இறங்குது, அதுல எவ்ளோ இறைக்கிறோம்னு ஃபிர்கா (தாலுகாவோட உட்பிரிவு) வாரியா கணக்கு எடுக்குறாங்க, சேர்றதை விட எடுக்கிறது அதிகம்னா அதுக்கு அதிநுகர்வு ஃபிர்கான்னு முத்திரை. தமிழ்நாட்டுல பெரும்பகுதி கடினப் பாறை, தண்ணி நிக்கிறது பாறை வெடிப்புலயும் மேல இருக்கிற சிதைஞ்ச பாறையிலயும் தான், அதனால ஆயிரம் அடிக்கு போர் போட்டா புதையல் மாதிரி தண்ணி இருக்கும்ங்கிற நம்பிக்கை பல இடத்துல பொய்யாப் போகுது. நிலக்கரி, இரும்புத்தாது இதெல்லாம் நம்ம ஆயுசுல வளராத வளம், அதுக்கு இந்தக் கணக்கு செல்லாது, புதுப்பிக்க முடியாத வளம்னு தனியா பிரிச்சுடுவாங்க.

## கூட்டுக்குள்ள எட்டிப் பாக்க முடியாதுன்னா?

கோழியைக் கூப்பிட்டு எண்ணிடலாம். கடலுக்குள்ள இருக்கிற மீனை யாரு எண்றது? காட்டுக்குள்ள ராத்திரி நடக்குற புலியை? என்னைக் கேட்டா இந்தப் படிப்புல பாதி உழைப்பு இங்க தான் போகுது, வெளியில இருக்கிறவங்களுக்குச் சுத்தமா தெரியாத பாதியும் இது தான்.

கனடாவுல நியூஃபவுண்ட்லாண்ட் கடல்ல காட் மீன்னு ஒண்ணு, பல நூறு வருஷமா உலகத்துக்கே அங்கேருந்து போச்சு. 1968-ல மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் டன் பிடிச்சாங்க. அதுக்கப்புறம் விழுந்துச்சு, 1977-ல கனடா 200 கடல் மைல் வரைக்கும் எங்க கடல்னு சொல்லி வெளிநாட்டுக் கப்பலை வெளியேத்திட்டு, விஞ்ஞானிகளை வச்சு இருப்பைக் கணக்கு போட்டு அளவா பிடிப்போம்னு ஆரம்பிச்சாங்க. கணக்குல ஒரு பெரிய பங்கு எதுலேருந்து வந்துச்சுன்னா, பெரிய இழுவைக் கப்பல்ங்க ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ பிடிக்கிதுங்கிறதுலேருந்து. பிடிபடுறது குறையலன்னா மீனும் குறையலன்னு எடுத்துக்கிட்டாங்க. ஆனா அந்தக் கப்பல்ல ஒலி வச்சு மீன் கூட்டத்தைத் தேடுற கருவி இருக்கு, இருப்பு குறைஞ்சாலும் மிச்ச மீன் ஒரு இடத்துல கூடி நிக்கும், கப்பல் நேரா அங்க போய் அள்ளிட்டு வந்துரும். அதனால மீன் குறைஞ்சிக்கிட்டே இருந்தும் அந்த நம்பர் மட்டும் குறையவே இல்ல. கரையோரம் சின்னப் படகுல பிடிக்கிறவங்க எங்களுக்கு மீனே வரல, வர்றதும் சின்னதா இருக்குன்னு 80-கள்லயே சொன்னாங்க. அவங்க பேச்சு எடுபடல. 1992 ஜூலையில மீன்பிடியை மொத்தமா நிறுத்துனாங்க, முப்பதாயிரம் பேருக்கு மேல வேலை போச்சு, ஊர் ஊரா காலியாச்சு. அந்தத் தடையை அதிகாரபூர்வமா விலக்குனது 2024-ல தான். நாப்பதை அம்பதுன்னு நினைச்ச அந்தக் கோழிக்கணக்கு தாங்க இது, ஒரு நாட்டு அளவுல.

நம்ம நாட்டுல இதே பாடம் புலியால வந்துச்சு. ரொம்ப காலம் கால்தடத்தை வச்சுத் தான் புலியை எண்ணுனாங்க, தடத்தை வரைஞ்சு எடுத்து இது இந்தப் புலி, அது அந்தப் புலின்னு பிரிப்பாங்க. ஆனா மண்ணு ஈரமா இருந்தா ஒரு மாதிரி விழும், புழுதியா இருந்தா இன்னொரு மாதிரி, ஒரே புலி ரெண்டாத் தெரியும். ராஜஸ்தான்ல சரிஸ்கா காப்பகத்துல காகிதத்துல புலி இருந்துச்சு, 2005 வாக்குல தேடிப் பாத்தா காட்டுல ஒண்ணுகூட இல்ல, வேட்டையாடி முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் தான் நாடு முழுக்க எண்ணுற முறையையே மாத்துனாங்க.

இப்ப செய்றது இப்படி. புலி நடக்குற தடத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா கேமரா கட்டுவாங்க, தரையிலேருந்து முழங்கால் உசரத்துல, முன்னாடி இருக்கிற புல்லு, கொப்பையெல்லாம் வெட்டி விட்டுட்டு, ஏன்னா காத்துல ஆடுற ஒரு இலை போதும், ராத்திரியோட ராத்திரியா ஆயிரம் வெத்துப் போட்டோ எடுத்து வச்சிடும். ரெண்டு பக்கமும் எதுக்குன்னா புலியோட இடது பக்க வரியும் வலது பக்க வரியும் வேற வேற. ஒரு பக்கம் மட்டும் எடுத்தா ஒரே புலியை ரெண்டு புலின்னு எண்ணிடுவோம். நம்ம கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரி தனி.

எல்லாப் புலியும் கேமராவுல விழாது, அப்ப விழாததை எப்படி எண்றது? முதல் சுத்துல 40 தனித்தனிப் புலி விழுந்துச்சுன்னு வைங்க. கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டாவது சுத்து, இதுல 30 புலி, அதுல 12 ஏற்கனவே பாத்த முகம். அதாவது 30-ல 12, நூத்துக்கு 40 பங்கு தெரிஞ்ச புலி. அப்படின்னா முதல் சுத்துல நாம பாத்த அந்த 40-ம் மொத்தக் காட்டுல நூத்துக்கு 40 பங்கா தான் இருக்கணும், மொத்தம் ஏறக்குறைய 100. பாத்ததை வச்சுப் பாக்காததைச் சொல்லியாச்சு. இதுக்குப் பேரு பிடித்து-மீண்டும்-பிடித்தல் முறை. நிஜத்துல இதை விடச் சிக்கலான கணக்கு போடுவாங்க, ஆனா உள்ள இருக்கிற தர்க்கம் இது தான். 2006-ல இந்த மாதிரி முறைக்கு மாறினப்ப நாட்டுல 1411 புலின்னு வந்துச்சு, 2022 கணக்குல சராசரியா 3682. இந்த சராசரியாங்கிற வார்த்தையை விட்டுட்டுத் தான் செய்தியில போடுறாங்க. படிச்சவங்க கேக்குற முதல் கேள்வி, குறைஞ்சது எவ்ளோ, அதிகபட்சம் எவ்ளோங்கிறது தான்.

மரத்துக்கும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. டேப்பைத் தரையிலேருந்து 1.37 மீட்டர் உயரத்துல, மாரளவுக்குச் சுத்தணும், சரிவுல நிக்கிற மரம்னா மேட்டுப் பக்கம் நின்னு அளக்கணும், அந்த உயரத்துக்குக் கீழேயே மரம் ரெண்டாப் பிரிஞ்சிருந்தா ரெண்டு மரமா எழுதணும். பட்டையில கொடி ஓடுனா கொடியை விலக்கிட்டு டேப்பை உள்ள விடணும். எல்லாரும் ஒரே மாதிரி அளந்தா தானே அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து அளந்து, எவ்ளோ வளந்திருக்குன்னு சொல்ல முடியும்?

இந்தப் பகுதியில கையில எடுத்துக்க வேண்டியது: இயற்கையில முழுசா எண்ண முடியாது, மாதிரி எடுத்துக் கணிக்கிறோம். கணிப்புல எவ்ளோ தப்பு இருக்கலாம்னு சேத்துச் சொல்றது தான் நேர்மையான எண்ணிக்கை.

## பச்சையா இருந்தா எல்லாம் காடா?

வருஷா வருஷம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தா லட்சம் கன்னு நட்டோம், கோடி கன்னு நட்டோம்னு செய்தி. நடுறவங்க மனசு நல்ல மனசு தான், அதைக் குறை சொல்ல வரல. ஆனா எந்த இடத்துல எதை நடுறோம்ங்கிறது கேள்வி.

நம்ம நாட்டோட வனப்பரப்பு 2023 அறிக்கைப்படி 21.76 சதவீதம். இதுல காடுன்னா என்னன்னா, ஒரு ஹெக்டேருக்கு மேல நிலம், மர நிழல் நூத்துல பத்து பங்கு இருந்தா போதும், யாரு நிலம், என்ன மரம்ங்கிறது கணக்குல இல்ல. தென்னந்தோப்பும் இதுல வரும், மாந்தோப்பும் வரும். செயற்கைக்கோள் படத்தை வச்சு எடுக்கிற ஒரு அளவு அது, அந்த வேலைக்கு அது சரி தான், ஆனா சோலைக்காடு ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் தோப்பு வந்தா நம்பர் அசையாது. படிப்பு என்ன கத்துக்கொடுக்குதுன்னா, ஒரு நம்பரைப் பாத்ததும் அதுக்குள்ள எதை எதை எண்ணிருக்காங்கன்னு கேக்குறதை.

நீலகிரி மேல போனீங்கன்னா முகுர்த்தி பக்கம் மலை முகடெல்லாம் வெறும் புல்லு, மடிப்புல மட்டும் குட்டை குட்டையா சோலை. பாக்குறவங்களுக்கு, மரத்தை யாரோ வெட்டிட்டாங்க போல, வெறும் நிலமா கிடக்கேன்னு தோணும். வெள்ளைக்காரங்களுக்கும் தோணுச்சு, அவங்க காலத்துலயும் சுதந்திரத்துக்கு அப்புறமும் அந்தப் புல்வெளியில வாட்டில், பைன், தைல மரம்னு நட்டுத் தள்ளுனாங்க. ஆனா அந்தப் புல்வெளி ஆயிரக்கணக்கான வருஷமா புல்வெளியாவே இருக்கிற இடம். மழைத் தண்ணியை இழுத்து வச்சு மெல்ல மெல்ல ஓடைக்கு விடுறது அந்தப் புல்லும் அதுக்கு அடியில இருக்கிற மண்ணும் தான், பைக்காராவும் பவானியும் அந்த மலையிலேருந்து தான் இறங்குது. வரையாடு மேயுறது அங்க, தோடர் மக்களோட எருமை மேயுறதும் அங்க. அதுல மரம் நட்டதால நல்லா இருந்த ஒரு இயற்கை அழிஞ்சுது. இன்னைக்கு அதே வாட்டிலைப் பிடுங்கிப் புல்லைத் திரும்பக் கொண்டு வர வனத்துறையும் ஆராய்ச்சியாளருங்களும் பாடுபடுறாங்க, பிடுங்க பிடுங்க மண்ணுல கிடக்கிற விதை முளைச்சுக்கிட்டே இருக்கு.

இப்படி வெளியேருந்து வந்து, இருக்கிறதை எல்லாம் அமுக்கிட்டுப் பரவுற இனத்துக்குப் பேரு அயல் ஆக்கிரமிப்பு இனம். சீமைக்கருவேலம் எல்லாருக்கும் தெரியும், உண்ணிச்செடியும் அதே ரகம். முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மஞ்சக்கொன்னைன்னு ஒரு மரம், பூத்தா கண்ணைப் பறிக்கும், வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்குறாங்க, ஆனா அது பரவுன இடத்துல மானு திங்கிற புல்லு முளைக்கிறதே அரிதாப் போச்சு.

## காட்டுல மனுஷங்களும் இருக்காங்க

எவ்ளோ எடுக்கலாம்னு கணக்கு போட்டாச்சு, சரி. அதை யாரு முடிவு பண்றது, மீறினா யாரு கேக்குறது? இதைப் படிக்காம எந்த டிகிரியும் முழுசாகாது.

எல்லாருக்கும் பொதுவான, யாரையும் எளிசா தடுக்க முடியாத வளத்துக்குப் பேரு பொது வளம். ஏரி, மேய்க்கால், கடல். 1968-ல காரட் ஹார்டின்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி, பொது வளம்னா ஆளாளுக்கு அள்ளி அழிச்சிடுவாங்க, தனியாருக்குக் கொடு, இல்ல அரசாங்கம் எடுத்துக்கன்னு வாதம் பண்ணாரு. உலகம் முழுக்க அதை நம்புனாங்க. எலினார் ஆஸ்ட்ரம் ஊர் ஊரா நடந்த உதாரணங்களைத் திரட்டிப் பாத்து, இல்ல, ஜனங்க தாங்களே விதி போட்டு, தாங்களே கண்காணிச்சு, மீறுனவனுக்கு முதல்ல சின்ன தண்டனை, திரும்ப மீறுனா பெரிய தண்டனைன்னு வச்சு, தலைமுறை தலைமுறையா காப்பாத்திருக்காங்கன்னு காட்டுனாங்க. 2009-ல பொருளாதார நோபல் அவங்களுக்குக் கிடைச்சுது, அந்தப் பரிசை வாங்கின முதல் பெண்.

நம்ம ஏரிப் பாசனத்துல இது நமக்குப் பழக்கமான விஷயம். மடையைத் திறந்து யாரு வயலுக்கு எவ்ளோ நேரம் தண்ணின்னு பாக்க நீர்க்கட்டி இருந்தாரு, அறுப்புல நெல்லு தான் அவருக்குக் கூலி. பல ஊர்ல அந்த ஆயக்கட்டுல நிலமே இல்லாத ஆளைத் தான் அந்த வேலைக்கு வச்சாங்க, சொந்த வயலுக்குத் தண்ணியைத் திருப்பிக்க மாட்டாருன்னு. ஏற்பாடு புத்திசாலித்தனம் தான், ஆனா தண்ணியைப் பங்கு போட்ட அந்த மனுஷனுக்கு நிலம் இல்லாம போனதுக்குச் சாதி தான் பல இடத்துல காரணம்ங்கிறதையும் சேத்தே படிக்கணும்.

வேடந்தாங்கலை எடுத்துக்கோங்க. அங்க பறவையைச் சுடக் கூடாதுன்னு முதல்ல நின்னது ஊர் ஜனங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு கடைசியில செங்கல்பட்டுப் பகுதிக் கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ்கிட்ட அதுக்கு எழுத்துல உத்தரவாதமே வாங்கிட்டாங்க. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல.

எதிர்ப்பக்கமும் இருக்கு. கர்நாடகாவுல பிஆர் ஹில்ஸ்ல (பிலிகிரிரங்கன மலை) சோலிகர் பழங்குடி மக்கள் காட்டு நெல்லியும் தேனும் எடுத்து வாழுறவங்க. முன்னாடி வருஷத்துல ஒரு பருவத்துல தரையில சின்னதா தீ விடுவாங்க, சருகு மட்டும் எரியும். சரணாலயம் ஆனதும் அது நின்னு போச்சு. தீ நின்னதுக்கு அப்புறம் தான் உண்ணிச்செடி இப்படி மண்டிருச்சு, நெல்லியில புல்லுருவி ஏறிருச்சுன்னு அவங்க சொன்னாங்க, ஆராய்ச்சியாளருங்களும் அதைக் காதுல வாங்கி, அளந்து, ஆராய்ஞ்சு எழுதினாங்க. 2006 வன உரிமைச் சட்டப்படி 2011-ல அவங்களோட சமூக உரிமையை அங்கீகரிச்சாங்க, புலிகள் காப்பகத்துக்குள்ள அப்படிக் கிடைச்சது அது தான் முதல் தடவை. நியூஃபவுண்ட்லாண்ட் சின்னப் படகுக்காரங்க பேச்சையும் இப்படிக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

இதுவரைக்கும் வந்ததைச் சேத்துப் பாத்தா, எண்ணத் தெரியணும், எதை எண்றோம்னு தெரியணும், அந்த வளத்தை நம்பி வாழுறவங்களோட உக்காந்து பேசத் தெரியணும்.

## சரி, காலேஜ்ல என்ன படிப்பீங்க?

தமிழ்நாட்டுல ஃபாரஸ்ட்ரின்னா முதல்ல வர்றது மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடது, நாலு வருஷ டிகிரி. மண்ணியல், மர வளர்ப்பு, மர அளவியல், நாத்தங்கால், பூச்சி நோய், வனவிலங்கு, வனச் சட்டம், புள்ளியியல், செயற்கைக்கோள் படம் படிக்கிறது, இதெல்லாம் பாடம். மீன் பக்கம் ஆர்வம்னா நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம். வனவிலங்கு தான் வேணும்னா அவசரப்பட்டு இளங்கலையிலேயே தேட வேணாம், விலங்கியலோ தாவரவியலோ படிச்சிட்டு முதுகலைக்குப் போறது தான் வழக்கமான பாதை, மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியில இருக்கு, டேராடூன்ல இந்திய வனவிலங்கு நிறுவனத்துல இருக்கு, பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்துலயும் இருக்கு. கடைசி ரெண்டுக்கும் நாடு முழுக்கப் போட்டி, சீட்டு கொஞ்சம் தான்.

ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வனப்பணி அதிகாரி ஆகணும்னா ஃபாரஸ்ட்ரி தான் படிக்கணும்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அது தப்பு. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், மண்ணு பாறை படிக்கிற ஜியாலஜி, கால்நடை மருத்துவம், விவசாயம், வனவியல், இன்ஜினியரிங், இதுல எது முடிச்சிருந்தாலும் யுபிஎஸ்சி எழுதலாம். தேர்வானவங்க நடைத் தேர்வும் முடிக்கணும், ஆண்களுக்கு நாலு மணி நேரத்துல 25 கிலோமீட்டர், பெண்களுக்கு அதே நேரத்துல 14. பொம்பளப் புள்ளைய எப்படி காட்டுக்கு அனுப்புறதுன்னு கேக்குற வீட்டுக்கு, இன்னைக்கு டிஎஃப்ஓவாவும் (வனக்கோட்ட அதிகாரி) ரேஞ்சராவும் ஃபாரஸ்ட் கார்டாவும் நிறைய பெண்கள் அந்தக் காட்டுல தான் வேலை பாக்குறாங்கன்னு சொல்லுங்க.

அரசாங்க வேலை எப்பவும் வராது, அறிவிப்புக்காக வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டி வரும். ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல சேர்ந்தா ஒப்பந்த வேலை, ஆரம்பச் சம்பளம் கம்மி, ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்தது தேடணும். காகித ஆலை, மர வளர்ப்பு கம்பெனி, கார்பன் கணக்கு எடுக்கிற நிறுவனம், தன்னார்வ அமைப்பு, கம்ப்யூட்டர்ல வரைபடத் தகவலை அலசுற ஜிஐஎஸ் வேலைன்னு வேற கதவும் இருக்கு. வீட்டுல பணத் தேவை உடனே இருக்குன்னா இதை மனசுல வச்சு முடிவு பண்ணுங்க, மறைச்சு வச்சு ஆசை காட்டுறது நியாயம் இல்ல.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க. கணக்கு வராதுன்னு தான் உயிரியல் பக்கம் வந்தேன்னு சொல்ற புள்ளைங்க இந்த லீவுலேயே சராசரி, சதவீதம், நிகழ்தகவு மூணையும் பயம் போற அளவுக்குப் போட்டுப் பாருங்க, மேல புலிக்குப் போட்ட கணக்கு புரிஞ்சிருச்சுன்னா நீங்க சமாளிச்சுடுவீங்க. அப்புறம் அந்தக் காலேஜ்ல இப்ப படிக்கிற சீனியர் ஒருத்தரைப் பிடிச்சு, வருஷத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, போனா நீங்களே அளக்குறீங்களா இல்ல சார் அளக்குறதை நின்னு பாக்குறீங்களான்னு கேளுங்க.